சைபர் பில் வந்த வீடு

2023 ஆகஸ்டில் ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிக்கொண்டே அம்மாவிடம் கேட்டிருக்கிறார்: "வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருந்தியளா ஆச்சி?" இரண்டு மாதத்துக்கு 71 யூனிட். 100 யூனிட் வரைக்கும் காசு கிடையாது என்பதால் பில் சைபர். அம்மா இதைப் போனில் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குக் கணக்கு உதைத்தது. ஃப்ரிட்ஜ் ஒன்று ஓடினாலே அதைத் தாண்டுமே?

"அத அமத்தி மூணு மாசம் ஆச்சு. ஒருத்திக்கு எதுக்குடா ஃப்ரிட்ஜு? அன்னன்னைக்கு வைக்கேன், அன்னன்னைக்குத் திங்கேன்."

பாளையங்கோட்டையில் அப்பா 1984-ல் கட்டிய வீடு. கீழே 950 சதுர அடி. 1993-ல் மேலே 600 சதுர அடி ஏற்றினார். தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் என்று ஏழு பேர் முட்டி மோதிக்கொண்ட இடம். காலையில் குளியலறைக்கு வரிசை நிற்கும். இப்போது 76 வயது அம்மா மட்டும். அடுக்களை, அதை ஒட்டிய அறை, பின்வாசல். இதற்குள் அவள் நாள் முடிந்துவிடுகிறது. மாடிக்கு ஏறி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முன் ஹாலில் டிவி போட்டால் அடுக்களைக்குக் கேட்பதில்லை என்று அதையும் விட்டுவிட்டாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் காலி என்று குறிக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் ஏறத்தாழ 2.47 கோடி. எங்கள் வீடு மாதிரி, ஆள் இருந்தும் முக்கால்வாசி காலியாகக் கிடப்பவை அந்தக் கணக்கில் வராது. எங்கள் தெருவிலேயே அப்படி ஆறு வீடு உண்டு. பிள்ளைகள் பெங்களூரில், துபாயில், நியூ ஜெர்சியில். வாசலில் கோலம் மட்டும் தவறாமல் விழும்.

விற்கலாம் என்றான் தம்பி. என்னோடு ஓசூருக்கு வா என்றேன் நான். "ஓசூரு குளிரும். இங்கன எனக்கு டாக்டரும் இருக்காரு, மீன்காரியும் இருக்கா" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே வழிதான். மாடியைத் தனி வீடாக்கி ஆள் வைப்பது, கீழே அம்மா இன்னும் பத்து வருடம் விழாமல் புழங்குகிற மாதிரி மாற்றுவது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பக்கம்தான். வீடு தேடும் நர்ஸ்கள் எப்போதும் உண்டு. வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு அக்டோபரில் வந்து இறங்கினேன். ஆறு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது.

சுவரை எங்கே எழுப்புவது என்று முடிவு செய்ய அரை நாள் போதும். தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், கரண்ட் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதற்குத்தான் மற்ற நாளெல்லாம் போனது. இதை எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

முதல் வாரம் டேப்பும் கிராஃப் தாளும்தான். எந்தச் சுவர் ஒன்பது இஞ்ச், எது நாலரை என்று குறித்தேன். அப்பா வரைபடம் எதையும் வைத்திருக்கவில்லை. செப்டிக் டேங்க் மூடி எங்கே என்பதே அம்மா சொல்லித்தான் தெரிந்தது. துளசி மாடத்துக்கு அடியில் இருந்தது. ஏழு பேருக்கென்று வெட்டிய இரண்டு அறைத் தொட்டி, மூன்று பேருக்குத் தாராளம். பழைய பெரிய வீட்டில் கை வைப்பதில் இது ஒரு லாபம். மண்ணுக்குள் போனதெல்லாம் அன்றைய குடும்பத்துக்குப் போட்டது, இன்றைய ஆளுக்கு மிஞ்சித்தான் இருக்கும்.

மாடி அடுக்களையை முன் அறையில் வைக்க ஆசைப்பட்டேன். பால்கனி, காற்று, வெளிச்சம். கொத்தனார் அண்ணாச்சி ஒரே கேள்வி கேட்டார்: "பாத்திரம் கழுவுற தொட்டித் தண்ணி எங்கன போயி விழும்?" கழிவுக் குழாய் இறங்கும் இடம் பின்னால், 14 அடி தள்ளி. நாற்பதுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் 168 இஞ்சுக்கு நாலு இஞ்ச் சொச்சம் இறங்க வேண்டும். அதற்குத் தளத்தை வெட்ட முடியாது, தரையைத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினால் கதவு, ஜன்னல் உயரம் எல்லாம் கெடும். பேசாமல் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே இருந்த பின் அறையை அடுக்களை ஆக்கினோம். குழாய் மூன்றடியில் வெளிச்சுவருக்குப் போய்விட்டது. பால்கனி அறை படுக்கையறை ஆனது. யோசித்துப் பார்த்தால் நைட் டியூட்டி முடித்து வருபவர்களுக்கு அதுதான் தேவை. புது அடுக்களைச் சுவரில் தரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை விட்டோம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே இருக்கிற வென்டிலேட்டர் அதற்கு உதவாது.

அடுத்தது அம்மாவின் குளியலறை. நான் அதிகம் மெனக்கெட்டதும் பாடம் படித்ததும் இங்கேதான். பழைய ஏற்பாட்டில் அவள் அறையிலிருந்து அடுக்களை, பின்வாசல், இரண்டு படி இறங்கி வெளியே நடந்து குளியலறை. ராத்திரி மூன்று மணிக்கும் இதே வழி. ஆனால் அவள் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு சுவர். அதை உடைத்து மூன்றடி அகலத்துக்குக் கதவு வைத்துவிட்டால் படுக்கையிலிருந்து பத்து எட்டு வைத்தால் போதும்.

அந்த ஒரே சுவர்தான் மேல் அறையைத் தாங்குகிற ஒன்பது இஞ்ச் சுவர். "மொத்தமா இடிச்சா மேல உள்ளது சீட்டுக்கட்டு மாதிரி வந்துரும் தம்பி. பாதி பாதியா போவம்" என்றார் அண்ணாச்சி. முறை இதுதான்: கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் காங்கிரீட் உத்தரம்தான் லிண்டல். நாலரை இஞ்ச் அகலத்தில் அப்படி இரண்டைத் தரையிலேயே வார்த்து வைக்க வேண்டும். மேல் தளத்துக்கு இருபுறமும் பலகை வைத்து ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். சுவரின் ஒரு பக்கம் பாதிக் கனத்துக்கு மட்டும் பள்ளம் வெட்டி முதல் லிண்டலைச் சொருகி, இடுக்கெல்லாம் கெட்டிக் கலவையும் கல் சில்லும் வைத்து இறுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபக்கம். அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான் கீழே உள்ள செங்கலைத் தட்டி எடுப்பது. எந்த நிமிடத்திலும் சுவரில் பாதியாவது நின்றுகொண்டிருக்கும்.

ஐந்தடி நீளம், ஆறு இஞ்ச் உயரம். அடியில் 12 எம்.எம். கம்பி இரண்டு, மேலே 8 எம்.எம். இரண்டு. பின்கட்டில் வார்த்து, ஈரச் சாக்கு போர்த்தி, பதினான்கு நாள் தண்ணீர் ஊற்றினேன். எது மேல்பக்கம் என்று சாக்பீஸில் எழுதியிருந்தேன். பதினான்கு நாள் தண்ணீரில் சாக்பீஸ் என்ன ஆகும்? பதினைந்தாம் நாள் சித்தாள் அக்கா இரண்டையும் கழுவி, புரட்டி, சுத்தமாகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். தடித்த கம்பி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காந்தம் வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒட்டுகிற மாதிரியும் இருந்தது, ஒட்டாத மாதிரியும் இருந்தது. தலைகீழாக வைத்தால் பாரம் இழுக்கும் அடிப்பக்கத்தில் மெல்லிய கம்பி போய்விடும். அண்ணாச்சி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இத கல்லாப் போட்டு உக்காருங்க, வேற வாத்துருவம்" என்றார். நாலு கம்பியும் 12 எம்.எம். போட்டிருந்தால் எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு இரண்டு வாரம் போனது. அடுத்த ஜோடியில் ஈரக் காரையிலேயே ஆணியால் 'மே' என்று கீறினேன். முதல் ஜோடி இப்போது பின்கட்டில் பெஞ்ச். அம்மா அதில் உட்கார்ந்துதான் முருங்கைக்கீரை ஆய்கிறாள்.

குளியலறைத் தரை அறையைவிட ஏழு இஞ்ச் பள்ளம். வாசலில் ஒரு படி வைத்தால் இத்தனை வேலையும் வீண். செங்கல் ஜல்லி நிரப்பித் தரையை ஏற்றி, தரைத் தண்ணீர் வடிந்து போகும் நானி ட்ராப்பையும் உயர்த்தி, அறைத் தரையைவிட அரை இஞ்ச் மட்டும் தாழ்வாக நிறுத்தினோம். அப்படியானால் தண்ணீர் அறைக்குள் வருமே? வாட்டத்தில்தான் அதற்குப் பதில். கதவிலிருந்து எதிர்ச் சுவர் நோக்கி எட்டு அடிக்கு ஒன்றரை இஞ்ச். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரைக் கதவடியில் ஊற்றி, எல்லாம் ட்ராப்புக்குப் போகிறதா என்று நின்று பாருங்கள். ரசமட்டம் சொல்லாததை அந்த வாளி சொல்லும். கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. கழிவறைக் கோப்பைக்கு அடியில் இரண்டு இஞ்ச் மேடை. கடையில் இருக்கும் உயரம் முட்டிவலிக்காரர்களுக்குப் பற்றாது.

பிடிமானக் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளம்பர் தம்பி டிரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, ஸ்க்ரூ முறுக்கி, "ஸ்ட்ராங்கா இருக்கு சார்" என்றான். நான் 82 கிலோ. இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். கம்பி, பிளக், அரைக் கைப்பிடி செங்கல் தூள் எல்லாம் என்னோடு வந்தன. நாற்பது வருடத்து நாட்டுச் செங்கல் அப்படித்தான், மேலே சிமெண்ட் பூச்சு கெட்டியாகத் தெரியும், உள்ளே பொருபொருத்துப் போயிருக்கும். பிறகு சுவரைத் துளைத்து மறுபக்கம் வரை 10 எம்.எம். மரையாணி விட்டு, அங்கே நாலு இஞ்ச் இரும்புத் தகடு வைத்து நட்டுப் போட்டோம். வெளிச்சுவரில் தகடு அசிங்கமாகத்தான் தெரிகிறது. தெரியட்டும். கம்பியை மாட்டிய ஆளே அதில் தொங்கிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்.

டிசம்பர் 17, 18. அந்த மழையைப் பற்றி நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. எங்கள் தெரு மேடு என்பதால் தப்பித்தோம். ஆனால் சில நாள் நல்லித் தண்ணீர் இல்லை, மணல் இல்லை, ஆள் இல்லை, பத்து நாள் வேலை நின்றது. ஒரு நன்மை, மொட்டைமாடி எங்கே ஒழுகும் என்று மழையே கோடு போட்டுக் காட்டிவிட்டது. மாடிப்படிக்கு மேல் கூண்டு மாதிரி கட்டிய ஹெட்ரூமின் சுவர் தளத்தோடு சேரும் மூலை. அங்கே மட்டும் தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி பதித்தோம். மொத்த மாடிக்கும் ரசாயனப் பூச்சு அடிக்கச் சொன்ன ஒருவரை அனுப்பிவிட்டேன்.

தை பிறந்ததும் சுவர். மாடிப்படி முன் ஹாலுக்குள்ளேயே ஏறுகிறது. படிக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு தடுப்பு எழுப்பினால் நாலடி அகலத்தில் பொது நடை கிடைக்கும். தெருக் கதவு இருவருக்கும் பொது. உள்ளே வந்தால் வலப்பக்கம் அம்மாவின் கதவு, நேரே மாடிப்படி. சுவரை நிறுத்த வேண்டியது பழைய ரெட் ஆக்சைடு தரையின் மேல். அஸ்திவாரம் கிடையாது, தரையை உடைக்கவும் மனசில்லை. அதனால் செங்கலுக்குப் பதில் ஏ.ஏ.சி. பிளாக், உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான சிமெண்ட் கல். எடை மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு நாளில் நின்றுவிட்டது. ஆணி அடித்தால் பிடிக்காது, அதுவே குறை.

தனி மீட்டர் வாங்கப் போனபோதுதான் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. ஒரே கதவு எண்ணுக்குள் இரண்டாவது இணைப்பு வேண்டுமென்றால் இரண்டு பகுதிக்கும் நடுவே நிரந்தரத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அம்மாவின் அறையிலிருந்து மாடிப்படிக்கு அடியில் போகும் பழைய உள்கதவை அடைக்க வேண்டியிருந்தது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ராத்திரி எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மேல இருக்கப்போற பிள்ளைக எந்த வழியா வரும்?" நியாயமான கேள்வி. கதவை அடைத்தேன், செங்கலால், பழைய சுவரோடு பல் கோத்து. பதிலுக்கு அவள் முன்கதவின் ஒரு சாவி மாடியில் இருக்கும், கட்டிலருகே ஒரு பெல் சுவிட்ச், குளியலறையில் ஒன்று, இரண்டும் மேலே ஒலிக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

வயரிங்கை முழுக்க மாற்றினோம். குண்டு சுவிட்ச், பீங்கான் ஃப்யூஸ் கட்டை, தேக்குச் சட்டத்தின் மேல் ஓடிய வயர், எர்த் என்ற பேச்சே இல்லை. லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கு 4 சதுர எம்.எம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தனி 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச். ஃபிப்ரவரியில் புது மீட்டர் வந்தது. அன்று மாலையே தலைவலியும் வந்தது. சாயங்காலம் ஆனால் கீழே டப்பென்று எல்லாம் அணையும். பகலில் ஒன்றும் இல்லை. எலக்ட்ரீஷியன் தம்பி மூன்று நாள் வந்தான். ஃப்ரிட்ஜைக் குற்றம் சொன்னான், கிரைண்டரைச் சொன்னான், கடைசியில் ஆர்.சி.சி.பி.யையே மாற்றினான். மறுபடி டப்.

நாலாம் நாள் இருட்டில் நானே நடையில் நின்று பார்த்தேன். யார் மாடிப்படி லைட்டைப் போட்டாலும் அணைகிறது. அந்த லைட்டுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு சுவிட்ச். புது வயரிங்கிலும் பழைய வழக்கப்படியே, கரண்ட் வரும் ஃபேஸ் வயரைக் கீழிருந்தும், திரும்பும் நியூட்ரல் வயரைப் பக்கத்தில் இருக்கிறதே என்று மேலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். ஒரே மீட்டர் இருந்தவரை இதில் தப்பே இல்லை, முப்பது வருடம் எரிந்தது. வீடு இரண்டானதும் கீழே கிளம்பிய கரண்ட் மேல் வழியாகத் திரும்புகிறது. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எண்ணுவதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. 9 வாட் பல்பை 230 வோல்ட்டால் வகுத்தால் 39 மில்லியாம்ப். வரம்பு 30. ஒரு சின்ன பல்பு முழு வீட்டையும் அணைக்க இது போதும். ஒரே ஒரு நியூட்ரல் வயரைக் கீழ்ப் பலகைக்கு மாற்றியதும் தீர்ந்தது. மாடி வீட்டைப் பிரிக்கிறவர்கள் முதலில் மாடிப்படி லைட்டைத் திறந்து பாருங்கள்.

தண்ணீரும் இதே கதைதான். ஹெட்ரூம் மேல் ஒரே 1,000 லிட்டர் டேங்க், அதிலிருந்து ஒரே முக்கால் இஞ்ச் ஜி.ஐ. இரும்புக் குழாய், துரு பிடித்துப் பென்சில் பருமனுக்குச் சுருங்கியது. கீழே குழாயைத் திறந்தால் மேலே ஷவர் சொட்டும். மாடிக்குத் தனியாக 750 லிட்டர் டேங்க், ஒன்றேகால் இஞ்சில் தனிக் குழாய். நிரம்பினால் முக்கால் டன், அதனால் தளத்து நடுவில் வைக்காமல் இரண்டு சுவர் கூடும் இடத்துக்கு மேலே, மூன்றடி தூண் கட்டி உட்கார வைத்தோம். போர் மோட்டார் அம்மா மீட்டரில்.

மார்ச்சில் இரண்டு நர்ஸ் பிள்ளைகள் வந்தார்கள், ஒருத்தி தென்காசிப் பக்கம், ஒருத்தி நாங்குநேரி. வாடகை 9,000. 2017-ல் வந்த வாடகைச் சட்டம் 2019-லிருந்து நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவது, முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்பதெல்லாம் அதில் உண்டு. தெருவில் பத்து மாதம் வாங்குகிறார்கள். நான் மூன்றோடு நிறுத்தியதில் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு வருத்தம். மொத்தச் செலவு 7 லட்சத்து 10 ஆயிரம். வாடகையால் வகுத்தால் ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். தம்பி இதைச் சொல்லிச் சிரித்தான். ராத்திரி வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருப்பதற்கு அவன் கணக்கில் தலைப்பு இல்லை.

பெல் விஷயத்தில் இரண்டு மீட்டர் வயரும் மறுபடி கலந்துவிடக் கூடாது என்று பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பெல் வாங்கினேன், ஐந்நூறு ரூபாய்க்குள். முதல் வாரம் ராத்திரி ஒன்றரைக்கு அடித்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் சாவியோடு ஓடி வந்து கதவைத் திறந்தால் அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள். மறுநாளும் அப்படியே. எதிர்வீட்டு வாசலில் அதே கடை, அதே மாடல் பெல். அவர்கள் மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து அமுக்கும்போதெல்லாம் எங்கள் மாடியில் அடித்திருக்கிறது. சேனல் மாற்றும் வசதி உள்ளதை வாங்கி மாட்டினேன். இப்போது அது அம்மா அமுக்கினால் மட்டும் அடிக்கிறது. பெரும்பாலும் சொதி வைத்த அன்றுதான் அமுக்குகிறாள்.

ஏப்ரல் ரீடிங்கில் கீழே 138 யூனிட். "பில்லு வந்துட்டு" என்று போனில் குறைப்பட்டாள். மோட்டாராக இருக்கும் என்றேன். "ஃப்ரிட்ஜப் போட்டேன்டா. அதுக ரெண்டுக்கும் மாவு வைக்க எடமில்ல." ஐந்து மாதம் நியூட்ரல் முதற்கொண்டு பிரித்து வைத்ததெல்லாம் ஒரு தோசைமாவுத் தூக்கில் போயிற்று.

மாடி மிக்ஸி ஓடினால் அம்மா அறைக்கு அதிர்கிறது. ரப்பர் பாய் போட்டும் பாதிதான் குறைந்தது. பின்பக்கச் சன்ஷேடு காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அடுத்த மழைக்கு முன்னால் அண்ணாச்சியைக் கூப்பிட வேண்டும்.